பயிற்சியும் வேலையும்

உதவிப்பணம் பெறும் வேலையில்லாதாரைக் கட்டாயமாக வேலைக்கு அனுப்பலாமோ என்பது பிரிட்டனில் பெரிதும் விவாதிக்கப்பட்ட விஷயம். 2011இல் அங்கே அத்தகையோரிற் சிலரை, வாரத்துக்கு 30 மணி வீதம் நான்கு வாரம் ஊதியமின்றி உழைக்கப் பணித்தனர்; மறுத்தவர்க்கு உதவி நிறுத்தப்பட்டது. நம் நெய்வேலியிலோ வற்புறுத்தலுக்கு இடமே இல்லை. வேலைக்கு அழைப்பாரைக் காணாதே இளைஞர் வாடுகின்றனர்.

1956இல் பழுப்பு நிலக்கரி ஸ்தாபனம் தோன்றியது முதல், சுற்றுக் கிராமத்தார் நன்செய்யும் புன்செய்யும் கொடுத்து வந்துள்ளனர். அவர்தம் மக்கள் கேட்பது நிரந்தர வேலை. பலர்க்குக் கிடைப்பதோ தொழிற்பழகுநர் பயிற்சி. பயிற்சி முடித்தவனுக்கு வேலை தருதல் முதலாளியின் கடமையன்று என 1961ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 2014இல் வந்த திருத்தமும், சேர்ப்பதற்கு ஒரு கொள்கை வகுத்துக்கொள்க என்றதேயன்றி உறுதி எதுவும் கூறவில்லை.

பின்னர் வேலைவாய்ப்பு அலுவலகம். அங்கே பதிந்து ஐந்தாண்டு காத்திருப்பின், 2006இல் வகுத்த திட்டப்படி, பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பத்தாம் வகுப்புத் தேறியவனுக்கு 300. அதுவும் மூன்றாண்டு மட்டே. நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்வரும் பஸ் கட்டணத்துக்கேனும் அது போதுமோ!

அத்தொகையை உயர்த்துதல் நன்றே. எனினும் நாம் முதலில் வேண்டுவது வேறு: நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பயிற்சி ஒப்பந்தம் எழுதும் அன்றே, தேறினால் இன்ன வேலை, இத்தனை மாதத்துள் என அதில் எழுதித் தருக. தேறாதவனை விலக்கும் உரிமையை நாம் மறுக்கவில்லை.