புகை வேறு, மருந்து வேறு!

ஆதிச்சநல்லூர் வயலிலே நாற்று நடும் தாய்க்கும், தூத்துக்குடி உப்பளத்திலே உப்பு வாரும் தோழருக்கும் முதல் ஒன்றுதான் — உழைக்கும் கை! அந்தக் கையின் மூட்டுகள் வீங்கி, விடிந்ததும் விரலை மடக்க முடியாமற் போனால், அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது எப்படி?

முடக்குவாதம் உழைத்த களைப்பால் வரும் வலியன்று. கிருமிகளை எதிர்த்துப் போராட வேண்டிய உடலின் காவற்படை, சொந்த மூட்டையே தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிறது! அதன் விளைவே அழற்சி, வீக்கம், வேதனை.

இந்த நோய்க்குக் கஞ்சா எண்ணெய் கைகண்ட மருந்து என்று இன்று கடைவிரிக்கிறார்கள் சிலர். கஞ்சா என்ற சொல்லையே காதில் போடாதே என்கிறார்கள் வேறு சிலர். விஞ்ஞானம் என்ன கூறுகிறது?

1839லேயே கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஓஷாக்னெசி, வாத நோயாளிகளுக்குக் கஞ்சாப் பிசினைக் கொடுத்துச் சோதித்தார். 1964ல் இஸ்ரேலில் மெக்கூலமும் கவோனியும் அதில் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அதே செடியில் போதை தராத சி.பி.டி. என்ற பொருளும் உண்டு. இவையெல்லாம் கன்னாபினாய்டுகள் எனப்படும். 1993ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள், இப்பொருள்கள் வந்து பற்றும் ஏற்பி ஒன்று உடலின் எதிர்ப்பு அணுக்களில் இருப்பதைக் கண்டனர். பூட்டு தெரிந்தது, சாவி பொருந்துமா என்ற கேள்வி பிறந்தது.

2000ல் லண்டனில் சி.பி.டி. கொடுத்தபோது, எலிகளின் மூட்டு அழற்சி தணிந்தது. 2006ல் பிரிட்டனில், இரு பொருளும் கலந்த மருந்தை முடக்குவாத நோயாளிகள் 58 பேரிடம் ஐந்து வாரம் சோதித்தனர். வலி ஓரளவு குறைந்தது, உறக்கம் சீர்பட்டது. ஆனால் 2021ல் வெளியான டென்மார்க் ஆய்வில், வேறு வகை மூட்டுநோய் கொண்ட 136 பேரிடம் பன்னிரண்டு வாரம் சோதித்தபோது, சி.பி.டி. மாத்திரைக்கும் வெற்று மாத்திரைக்கும் வேறுபாடு தெரியவில்லை! நம்பிக்கை உண்டு, நிரூபணம் இல்லை. இதுதான் இன்றைய நிலை.

ஆகவே, தூத்துக்குடிக் கரையிலே கடத்தலின்போது பிடிபடும் கஞ்சா மூட்டை மருந்தாகிவிடாது. மருந்தென்றால் அளவு வேண்டும், தரம் வேண்டும், சோதனை வேண்டும். புகைக்கும் கஞ்சாவில் இவற்றுள் எது இருக்கிறது? வாலிபன் மனத்தைச் சிதைக்கும் ஆபத்துதான் இருக்கிறது! முடக்குவாதத்துக்குச் சோதித்துத் தேர்ந்த மெதோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவற்றை நிறுத்திவிட்டு எண்ணெய்ப் புட்டியை நாடுவது, கையிலுள்ள துடுப்பை எறிந்துவிட்டு அலையை நம்புவதாகும்.

ஆராய்ச்சிக்குச் சட்டம் தடையா? இல்லை. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமே மருத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் விலக்கு அளிக்கிறது. கடுங்கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் 27க்கு 25 என்று வாக்களித்தபோது, இந்தியாவும் ஆதரித்தது. ஜம்முவிலுள்ள மத்திய அரசின் ஆய்வு நிலையம் உரிமம் பெற்று இச்செடியை ஆராய்ந்திருக்கிறது.

நாம் கேட்பது இதுதான்: ஆராய்ச்சி பொதுப்பணத்தில் நடக்கட்டும். முடிவு சாதகமோ பாதகமோ, ஒளிவுமறைவின்றி வெளிவரட்டும். மருந்து கிடைத்தால் அது சீமான் வீட்டு அலமாரியில் மட்டுமல்ல, ஸ்ரீவைகுண்டம் அரசு மருத்துவமனையிலும் கிடைக்கட்டும். அதுவரை, வீங்கிய விரலோடு உள்ள தோழர் நாட வேண்டியது மருத்துவரையே; கடைவிரிப்போரை அல்ல!