ஆறு இஞ்சு

அக்கா பையன் லீவுக்கு பெங்களூரிலிருந்து விருதுநகர் வந்திருந்தான். 13 வயசு. பையில் பேட் இல்லை, பந்து இல்லை. கட்டைவிரல் உயர பிளாஸ்டிக் சிப்பாய்கள், ஒரு இஞ்ச் டேப், கை நிறைய பகடை.

“என்ன மாப்ள, டெய்லரிங் கத்துக்கிறியா?”

“வார்ஹாமர் 40,000, மாமா. மேஜை மேல யுத்தம்!”

பிரிட்டனில் 1987-ல் வந்த ஆட்டமாம். செஸ் மாதிரி கட்டம் கிடையாது. டேப் வைத்து அளந்து நகர்த்தணும். அதற்கும் முன்னால், 1913-லேயே ஹெச்.ஜி.வெல்ஸ் இப்படியொரு பொம்மை யுத்தத்துக்கு ‘லிட்டில் வார்ஸ்’ என்று புத்தகம் போட்டிருக்கிறார். அதில் காலாளுக்கு 1 அடி, குதிரைக்காரனுக்கு 2 அடி. பீரங்கி? 6 இஞ்சுக்குள் நாலு ஆள் இல்லாவிட்டால் நகராது, சுடாது. வடம் பிடிக்க ஆளில்லாத தேர் மாதிரிதான்!

மாப்பிள்ளையிடம் சிப்பாய் இருந்தது, அவர்களை ஏற்றிப் போகும் ‘ரைனோ’ வண்டியை வீட்டிலேயே மறந்துவிட்டான். அழுகிற மாதிரி முகம். தீப்பெட்டி ஒன்றைக் காலி செய்து கொடுத்தேன். சிப்பாய் உள்ளே போக மாட்டான், அதனால் ஆளுக்கொரு தீக்குச்சி. ரைனோவில் 12 பேர்தானாம். நம்ம பெட்டிக்கு 12 ஒரு பொருட்டா!

2023-ல் வந்த பத்தாவது பதிப்பு விதிகளைப் படித்துக் காட்டினான். நடந்து போகிற சிப்பாய்க்கு 6 இஞ்சு, ரைனோவுக்கு 12. ஏறணும்னா வண்டிக்கு 3 இஞ்சுக்குள் வரணும். இறங்கினாலும் 3 இஞ்சுக்குள்தான். வண்டி நகர்ந்த பிறகு இறங்கினவன் அந்த முறை மேற்கொண்டு நடக்க முடியாது, பாய்ந்து தாக்கவும் முடியாது.

“ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கிறதுக்கு விதி இருக்கா?”

“இல்ல மாமா.”

“அப்ப இவங்க யாரும் சிவகாசி பஸ்ஸுல போனதில்ல.”

எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். முப்பது வருஷம் பட்டாசு லாரிக்கு லோடு ஏற்றியவர். தீப்பெட்டியைப் பார்த்ததும் ஆர்வமாகிவிட்டார்.

“வண்டி வெடிச்சா என்ன தம்பி செய்வீங்க?”

“உள்ளே இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் பகடை உருட்டணும் தாத்தா. 1 விழுந்தா அடி. வண்டிக்குத் தனியா ஒரு பகடை. அதுல 6 விழுந்தா, 6 இஞ்சுக்குள்ள இருக்கிற எல்லாருக்கும் அடி.”

அண்ணாச்சி டேப்பை வாங்கி 6 இஞ்சு வரைக்கும் இழுத்துப் பார்த்தார். “இவ்வளவுதானா?” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “ஓடுற லாரிகூட பயமில்ல தம்பி. ஏத்துற இறக்குற நேரந்தான். ஒரு பெட்டி உரசினாப் போதும். பீடி குடிக்கக் கூடாது, நெருப்பு கூடாதுன்னு சட்டமே இருக்கு. அதெல்லாம் வண்டிகிட்ட நிக்கிற எங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரனுக்கு வண்டி நிக்கிறதே தெரியாதே?”

எனக்கு 2016 அக்டோபர் 20 ஞாபகம் வந்தது. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கிடங்கில் வேனில் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. பக்கத்தில் ஸ்கேன் சென்டர். உள்ளே இருந்தவர்களில் 8 பேர் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். பட்டாசு வாங்க வந்தவர்கள் இல்லை, விற்க வந்தவர்கள் இல்லை. வண்டியில் ஏறவும் இல்லை. ஸ்கேன் சென்டரில் இருந்தவர்கள்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “அது எத்தனை இஞ்சு மாமா?” என்றான்.

எனக்கும் அண்ணாச்சிக்கும் பதில் தெரியவில்லை.

அவன் நோட்டை எடுத்து 6 இஞ்சு விதியை அடித்துவிட்டு, கீழே எழுதினான்: ‘லோடு ஏற்றும்போது பக்கத்துக் கட்டடத்தில் யாரும் இருக்கக் கூடாது.’

அப்புறம் ஆட்டம் நடந்தது. ஒவ்வொரு தடவையும் தீப்பெட்டியை மேஜை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஆள் ஏற்றினான். வண்டி போர்க்களத்துக்கு வந்து சேர ரொம்ப நேரமாயிற்று. அதனால் பையன் தோற்றான்.

“நல்லா ஆடினே தம்பி” என்றார் அண்ணாச்சி.