சீருடை களைந்தால் கறை போகுமா?

வாளை உறையில் இட்டவன் எல்லாம் அறவோன் ஆகிவிடுவதில்லை. சீருடையைக் களைந்து வெள்ளுடை புனைந்தவன் எல்லாம் குடிகளின் தொண்டன் ஆகிவிடுவதும் இல்லை. ஆயினும், படைத்தலைவன் ஒருவன் ஒப்போலை கேட்டுத் தெருவில் இறங்கிய அளவிலேயே, நேற்றுவரை அவன் செய்தவற்றை மறந்து, அவனை மீட்பன் எனக் கொண்டாடும் மயக்கம் உலகெங்கும் உண்டு. அம்மயக்கம் தமிழரிடத்தும் புகுந்ததே என்பதுதான் நெஞ்சை அறுக்கும் செய்தி. சிங்களப் படைத்தலைவர் சரத்து பொன்சேகாவின் வாழ்க்கைப் போக்கு இதற்குப் போதிய சான்று.

1950இல் அம்பலாங்கொடையில் பிறந்து, 1970இல் படையிற் சேர்ந்த அவர், 2005 திசம்பரில் இலங்கைத் தரைப்படையின் தலைவரானார். 2006 ஏப்பிரலில் கொழும்பிலுள்ள படைத் தலைமையகத்தில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் கடும்புண் பட்டுப் பிழைத்தார். பின்னர் 2009 மே வரை வன்னிப் போரை நடத்தியவர் அவரே. அப்போரின் இறுதி மாதங்களில் 40,000 வரையிலான பொதுமக்கள் மாண்டிருக்கக் கூடும் என்றும், அச்சாவுகளில் மிகப்பல அரசுப் படையின் எறிகணைகளால் நேர்ந்தவை என்றும் ஐ.நா. பொதுச்செயலர் அமர்த்திய வல்லுநர் குழு 2011இல் எழுதி வைத்தது. மருத்துவமனைகளும் அவ்வெறிகணைகளுக்குத் தப்பவில்லை. அக்குழு விடுதலைப்புலிகள் மேலும் குற்றஞ் சாட்டிற்று என்பார் உளர். உண்மையே. ஆனால் ஒருவர் குற்றம் மற்றவர் குற்றத்தைக் கழுவும் நீராகுமா? ஆகாது.

இக்கொடுமைக்கு அவர்கள் இட்ட பெயர்களைத் தமிழர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். போருக்கு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று பெயர். மக்களை ஓரிடத்தில் குவியச் செய்து, குவிந்த இடத்திலேயே எறிகணை விழுந்த நிலப்பகுதிக்குப் 'பாதுகாப்பு வலயம்' என்று பெயர். செட்டிகுளம் முதலிய இடங்களில் முள்வேலிக்குள் இரண்டே முக்கால் இலக்கத்திற்கும் மேற்பட்ட தமிழரை அடைத்து வைத்தனரே, அதற்கு 'நலன்புரி நிலையம்' என்று பெயர். அச்சொற்களைத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் பலவும் மறுசொல் இன்றி அப்படியே அச்சிட்டன. சொல் கெட்டால் அறிவு கெடும். அறிவு கெட்டால் அறம் கெடும். கொலைக்குக் கொலை என்றே பெயர் சொல்லத் துணியாத நாக்கு, கொலை செய்தவனுக்கு ஒப்போலை கேட்கவும் கூசாது.

பொன்சேகா தம் உள்ளக் கிடக்கையை மறைத்தவரும் அல்லர். 2008 செப்டம்பரில் கனடா நாட்டு நாளிதழ் ஒன்றுக்கு அளித்த நேர்காணலில், அந்நாடு சிங்களவர்க்கே உரியது என்று தாம் உறுதியாக நம்புவதாகவும், சிறுபான்மையர் அங்கு வாழலாமேயன்றித் தகாதவற்றைக் கேட்டல் கூடாது என்றும் கூறினார். அவ்வாண்டு திசம்பரில், ஈழத் தமிழர்க்காகக் குரல் கொடுத்த தமிழ்நாட்டு அரசியல் தலைவர்களைக் கோமாளிகள் என்று இகழ்ந்தார். ஒரு தீவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாழும் இனத்தை, வாடகைக்குக் குடியிருப்போர் போல் கருதிய நெஞ்சம் அது.

வெற்றி முழக்கம் ஓயுமுன்பே வெற்றியைப் பங்கிடும் பூசல் எழுந்தது. 2009 சூலையில் படைத்தலைமை அவர் கையை விட்டுப் போயிற்று. அதிகாரம் குறைந்த முப்படை ஒருங்கிணைப்புப் பதவி ஒன்று தரப்பட்டது. நவம்பரில் அதையும் துறந்து, 2010 சனவரி 26இல் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் மகிந்த இராசபக்சேவுக்கு எதிராக அன்னச் சின்னத்தில் நின்றார். இருவரும் தமிழர் பிணங்களின்மேல் நின்றே ஒப்போலை கேட்டனர். போரை வென்றது என் ஆணை என்றார் ஒருவர்; இல்லை, என் படை என்றார் மற்றவர். இரா. சம்பந்தன் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்போ, பொன்சேகாவுக்கு ஒப்போலை இடுமாறு தமிழரைக் கேட்டுக்கொண்டது! கூட்டமைப்பைச் சேர்ந்த சிவாசிலிங்கம் அதை ஏற்காது தனித்து நின்றார்.

முள்வேலிக்குள் இன்னும் பல்லாயிரவர் கிடந்த வேளை அது. வடக்கிலும் கிழக்கிலும் பொன்சேகாவே முந்தினார். ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்குச்சாவடிக்குச் சென்றோர் நால்வரில் ஒருவரே. வராத மூவரின் வாய் பேசாமை யார் செவியிலும் விழவில்லை. வந்த ஒருவரின் ஒப்போலை மட்டும், தமிழர் படைத்தலைவரை மன்னித்துவிட்டனர் என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. வீட்டை எரித்தவனைத் தண்டிக்க, எரிக்க ஏவியவனுக்கோ ஏவப்பட்டவனுக்கோ மாலை இடுவதன்றி வேறு வழி இல்லை என்று ஓர் இனத்தை நிறுத்துதல் தேர்தலா? அது தோல்வியின் மேல் ஏற்றிய இரண்டாம் தோல்வி. தீமைகளில் சிறியதைத் தேர்ந்தோம் என்றனர் தலைவர்கள். சிறியது எது என்று அளக்கும் கோல் கொழும்பில் இருந்தது, யாழ்ப்பாணத்தில் இல்லை.

தோற்ற பொன்சேகா 2010 பிப்பிரவரி 8இல் சிறைப்பிடிக்கப்பட்டார். இங்கேதான் கூர்ந்து நோக்கல் வேண்டும். அவர்மேல் சாட்டிய குற்றங்கள் யாவை? சீருடையில் இருந்தபோதே அரசியலில் ஈடுபட்டார் என்பது ஒன்று. படைக்கருவி வாங்கியதில் முறைகேடு என்பது மற்றொன்று. படைத்துறை மன்றம் அவர் பட்டங்களைப் பறித்தது. முப்பது மாதச் சிறையும் விதித்தது. சரணடைய வந்த புலித்தலைவர்களைக் கொல்லுமாறு பாதுகாப்புச் செயலர் கோத்தபய இராசபக்சே ஆணையிட்டார் என்று தேர்தற் காலத்தில் ஓர் ஆங்கிலக் கிழமையிதழில் அவர் கூறியதாக வந்த செய்திக்காக, 2011 நவம்பரில் மேலும் மூன்றாண்டுச் சிறை. வெள்ளைக்கொடியோடு வந்தோர் கொல்லப்பட்டது பற்றி உசாவல் இல்லை. அதைப் பற்றிப் பேசியதற்கே தண்டனை! வன்னியில் மாண்ட ஒரு குழந்தைக்காகவேனும் அவர் ஒரு நாள் சிறையில் இருந்தாரா? இல்லை. 2012 மே மாதம் வெளியே வந்தார். 2015இல் மைத்திரிபால சிறிசேனா ஆட்சி அவருக்கு முழு மன்னிப்பளித்து, இழந்த பட்டங்களை மீட்டளித்து, அவ்வாண்டு மார்ச்சில் 'பீல்டு மார்சல்' என்னும் உச்சப் பெருந்தளபதிப் பட்டத்தையும் சூட்டியது. அவ்வாண்டுத் தேர்தலில் அவர் கட்சிக்கு ஓர் இடமும் கிட்டவில்லை. ஆயினும் 2016இல் தேசியப் பட்டியல் வழியாக நாடாளுமன்றம் புகுந்து அமைச்சரானார். 2024 குடியரசுத் தலைவர் தேர்தலில் தனித்து நின்றபோது நூற்றுக்கு ஓர் ஒப்போலைகூட அவருக்குக் கிட்டவில்லை. சிங்களவரே அவரைக் கைவிட்டனர்.

இஃது இலங்கைக்கு மட்டும் உரிய நோய் அன்று. இசுரேலின் ஏரியல் சரோன் 1953இல் கிப்யா என்னும் சிற்றூரைத் தாக்கிய படைப்பிரிவின் தலைவர். அன்று மாண்ட ஊரார் அறுபதின்மருக்கும் மேல். 1982இல் பாதுகாப்பு அமைச்சராய் இலெபனானுள் படை செலுத்தினார். அங்குச் சப்ரா, சத்திலா ஏதிலியர் முகாம்களில் பாலத்தீனர் கொன்று குவிக்கப்பட்டனர். இசுரேல் அரசே அமைத்த ககான் குழு, அதில் அவருக்குத் தனிப்பொறுப்பு உண்டு என 1983இல் உரைத்தது. பாதுகாப்புத் துறையை விட்டார், அமைச்சரவையை விடவில்லை. 2001இல் அந்நாட்டின் தலைமையமைச்சராகவே ஆனார்! ஓர் இனத்தின் அச்சத்தை முதலாக்கி மற்றோர் இனத்தின் குருதியை ஊதியமாகக் காணும் அரசில், படைத்தலைவனின் கறையே அவனுக்குத் தகுதிச் சான்றாகிவிடுகிறது.

தென்பாண்டி நாட்டார்க்கும் இப்பாடம் புதிதன்று. நெற்கட்டுஞ்செவலில் 1755இலேயே வெள்ளையனை எதிர்த்து நின்ற பூலித்தேவனை வீழ்த்த, கும்பினியாரும் ஆற்காட்டு நவாபும் ஏவிய படைத்தலைவன் யூசுப்புகான். 1761இல் நெற்கட்டுஞ்செவலை வென்ற அவன், மதுரையையும் நெல்லைச் சீமையையும் ஆண்டான். ஏவியவரோடு முரண்பட்டதும் அவர்களே 1764 அக்டோபரில் மதுரையில் அவனைத் தூக்கிலிட்டனர். கடைசியில் வெள்ளையனை எதிர்த்தமையால் அவனை வீரன் எனப் போற்றுவார் உளர். போற்றுக. ஆனால் பூலித்தேவன் கோட்டையை இடித்த கை எந்தக் கை என்பதை மறந்து போற்றற்க. எசமானோடு பூசலிட்டவன் எல்லாம் ஏழைக்கு உறவினன் ஆகான்.

தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் பொழுதுவணங்கிப் பூக்கள் (சூரியகாந்தி) ஆடி ஆவணியில் பொழுது எழும் திசையையே நோக்கி நிற்கின்றன. பூவுக்கு அது பொருந்தும். பாண்டியன் பெயர் தாங்கிய ஊரில் பிறந்த மாந்தர்க்குப் பொருந்தாது. எவன் எழுகிறானோ அவனை நோக்கித் தலை திருப்பும் அரசியலால் ஈழத் தமிழர் பெற்றது என்ன? கோத்தபய இராசபக்சே 2019இல் குடியரசுத் தலைவரானார். 2022 சூலையில் நாட்டைவிட்டு ஓடினார். அவரை ஓடச் செய்தது எரிபொருளுக்கும் அரிசிக்கும் நின்ற வரிசையே அன்றி, முள்ளிவாய்க்கால் வழக்கு அன்று. 2025 மார்ச்சில் பிரித்தானிய அரசு தடை விதித்த படைத்தலைவர்களுள் சவேந்திர சில்வாவும் சகத்து செயசூரியாவும் உளர். அவர்கள்மேல் அமர்ந்து தரைப்படையை நடத்தியவர் பெயரோ அப்பட்டியலில் இல்லை.

அச்செயசூரியாவின் குற்றங்களைத் தாம் அறிவதாகவும் சான்று சொல்ல ஆயத்தம் எனவும் 2017இல் கூறியவர் இதே பொன்சேகா. நன்று, சொல்லட்டும். தேர்தல் மேடையில் அன்று, அனைத்துலக நீதிமன்றத்தின் கூண்டில் நின்று, முதலில் தம் ஆணைகளைப் பற்றிச் சொல்லட்டும். ஐ.நா. மனித உரிமை மன்றம் 2021இல் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி திரட்டிய சான்றுகள் செனீவாவின் பேழைகளில் உறங்கிவிடாமல் காப்பதே தமிழர் கடன்.

தமிழ் நெஞ்சங்களே! ஆள் மாறினால் அறம் பிறக்கும் என்று நம்பாதீர். உடை மாறினால் உள்ளம் மாறும் என்று ஏமாறாதீர். கொலையைக் கொலை என்று சொல்லுங்கள். கேட்க வேண்டிய கணக்கை இறுதிவரை கேளுங்கள். மாண்டவர்க்கு ஒப்போலை இல்லை. அவர்க்கு உயிருள்ள தமிழர் நாவே ஒப்போலை.