எண்ணுக்கு ஊசி போடாதீர்கள்

சீனி வருத்தக்காரர் ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனால் முதலில் விரலில் குத்துவார்கள். குளுக்கோமீட்டரில் பெரிய எண் தெரிந்ததும் கூட வந்தவர் பதறிப்போய் "இன்சுலின் போடுங்க டொக்டர்" என்கிறார். சன நெரிசலில் திணறும் வைத்தியருக்கும் அதுவே சுலபமான வழி. எண்ணை இறக்கி டிக்கட் வெட்டி அனுப்பும் இந்தப் பழக்கம் கண்டி மாவட்டத்தில் எங்கிருந்தாலும் ஒழிய வேண்டும்.

இருவரை எண்ணிப் பாருங்கள். கலஹாப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண். மாத்திரை தீர்ந்துபோய்ச் சில நாட்கள், அளவு 450. தாகம் இருக்கிறது, ஆனால் தெளிவாகப் பேசுகிறார், தண்ணீர் குடிக்கிறார். கட்டுகஸ்தோட்டை மாணவனுக்கோ 310தான். ஆனால் வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்து இழுக்கும் மூச்சு, வாயில் பழவாடை. எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால், கீட்டோன் சேர்ந்து இரத்தம் அமிலமாகி உயிராபத்தில் இருக்கும் இவன் வாங்கில் காத்திருப்பான். அந்தப் பெண்ணுக்குக் கீட்டோன் இல்லை, உடலில் நீர் வற்றவில்லை என்று உறுதியானால் மாத்திரையைத் திரும்பத் தொடங்கி கிளினிக்குக்கு அனுப்பலாம். அவசர ஊசி போட்டு அனுப்பினால், வீடு போகும் பஸ்ஸிலேயே சீனி தாழ்ந்து அவர் மயங்கலாம்.

மாணவனுக்கும் முதலில் ஏற வேண்டியது சேலைன்; வளர்ந்தவர்களுக்கு வழமையாக முதல் மணித்தியாலத்தில் ஒரு லீட்டர். அடுத்து பொட்டாசியம் பார்க்க வேண்டும். இன்சுலின் பொட்டாசியத்தைக் கலங்களுக்குள் தள்ளிவிடும். ஏற்கெனவே குறைந்திருந்தால் இதயத் துடிப்பே குழம்பும். அதைச் சரிசெய்த பின்னரே, எடைக்கேற்ற அளவில் மெதுவாக இன்சுலின். எண்ணை இறக்குவதையே குறியாகக் கொள்வது ஆபத்து: தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்த 6,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், சீனி மிகக் கடுமையாக இறக்கப்பட்டவர்களிடையேதான் மரணம் அதிகம்.

மருந்துக்கே வழியில்லாத நாட்டில் இதெல்லாம் ஆடம்பரமா? 2022 மார்ச்சில் மருந்தில்லாமல் பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியதை நாம் மறக்கவில்லை. ஆனால் சிறுநீரில் தோய்த்துக் கீட்டோன் பார்க்கும் பட்டிக்கு ஆய்வுகூடமும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. மாகாண சுகாதாரத் திணைக்களம் மிகச் சிறிய வைத்தியசாலை வரை அதைக் கொடுக்கட்டும். கீட்டோன் இருந்து, பொட்டாசியம் பார்க்க வசதியில்லாவிட்டால், சேலைனை ஏற்றியபடியே கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைக்கோ அனுப்ப வேண்டும் என்பதை எழுத்திலான கட்டளையாக்கட்டும். வீடு திரும்புபவருக்கு அடுத்து என்ன செய்வதென்று அவருடைய மொழியில் எழுதிக் கொடுப்பதும் கடமையே. தமிழ் பேசும் தோட்ட நோயாளியின் கையில் புரியாத துண்டைத் திணிப்பது சிகிச்சையாகாது.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்சுலின் போடுபவர், காய்ச்சலில் சாப்பாடு இறங்கவில்லை என்று ஊசியைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, வயதானவர் அரைத்தூக்கமாகக் கிடந்தாலோ மீட்டர் என்ன சொன்னாலும் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.