ஆளில்லா அவையில் கம்பன்

"இரவில் அங்கே என்ன இருக்கிறது?"

நம் மன்றத்தின் உல்லாசப் பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்த அன்று முதலில் எழுந்த வினா இதுதான். பகலுக்குத் தேயிலை மலை போதும். பொழுது சாய்ந்த பின் என்ன செய்வது என்பது நண்பர்களின் கவலை. கவலை நியாயமானதே. இளைஞன் இரவு ஒன்பது மணிக்கே போர்வைக்குள் புகுந்துவிட வேண்டும் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. இரவைக் கொண்டாட வேண்டும் என்பதுதான் என் கட்சியும். எந்த இரவை, யாரோடு கொண்டாடுவது என்பதில்தான் வழக்கு.

சென்ற ஆண்டு மூணாறுக்குப் போனோம். தங்கிய விடுதியின் பெயர் வேண்டாம். அந்த மலையில் அத்தகையவை பல. தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டினோம். புல்வெளியில் விறகடுக்கித் தீ மூட்டினார்கள். இரண்டு ஒலிபெருக்கிகள் முழங்கின. நம் விடுதி அறையில் நாள்தோறும் கேட்கும் அதே பாட்டுகள்தாம். ஆடினோம். நான் ஆடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

தேநீர் கொண்டுவந்த பெரியவர் தமிழில் பேசினார். "எந்த ஊர் ஐயா?" என்றேன்.

"இதே ஊருதான் தம்பி. எங்க தாத்தா காலத்துல கொழுந்து பறிக்க வந்தது. கீழே வெளிச்சம் தெரியுது பாருங்க, அதுதான் எங்க லயம். இன்னிக்கு மாரியம்மன் கோயில் திருவிழா. கரகம் எடுக்கிறாங்க. மேளம் கேக்கலையா?"

கேட்கவில்லை. எங்கள் ஒலிபெருக்கி கேட்கவிடவில்லை.

"எனக்கு வேலை முடிய மணி பன்னிரண்டு ஆயிரும். அதுக்குள்ள கரகம் எடுத்து முடிச்சிருவாங்க" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

நண்பர்களே, அன்று அந்த மலையில் இரண்டு இரவுகள் இருந்தன. ஒன்று காசு கொடுத்து வாங்கியது; மற்றொன்று தானாக மலர்ந்தது. நாங்கள் முதலாவதை வாங்கினோம். அதனால் அந்தப் பெரியவர் இரண்டாவதை இழந்தார். இதைத்தான் பொழுதுபோக்கு என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டோம்!

அந்த மலை மக்கள் யார் என்பது நமக்குத் தெரியாததன்று. 2015 செப்டம்பரில் கூலி உயர்வும் ஊக்கத்தொகையும் கேட்டு மூணாறு வீதியில் அமர்ந்த 'பெண்பிள்ளை ஒற்றுமை'யினர் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களே. 2020 ஆகஸ்டு 6 இரவில் பெட்டிமுடியின் லயங்கள் மீது மலை சரிந்தபோது எழுபது உயிர்கள் போயின; அவர்களும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தவரே. போராட்டத்திலும் சாவிலும் அவர்களைச் செய்தித்தாளில் சந்திக்கிறோம். அவர்களுடைய மகிழ்ச்சியில் ஒரு முறையேனும் சந்தித்தோமா?

இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆகவே மாசி மாதத்தில் நண்பர் இருவரோடு பாலக்காட்டுக்கு வண்டி ஏறினேன். சொரனூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பகவதி கோயிலில் தோல்பாவைக் கூத்து நடப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம்.

கோயிலுக்கு எதிரே அம்மனை நோக்கி நிற்கும் நீண்ட கட்டடத்துக்குக் கூத்துமாடம் என்று பெயர். முகப்பில் திரை, மேலே வெள்ளைத் துணி, கீழே கருந்துணி. திரைக்குப் பின்னால் தேங்காய்மூடிகளில் எண்ணெய் வார்த்து ஏற்றிய இருபத்தொரு விளக்குகள் வரிசையாக எரிகின்றன. முன்பு மான்தோலிலும் இப்போது பெரும்பாலும் ஆட்டுத்தோலிலும் வெட்டிய பாவைகள், அந்தச் சுடரின் அசைவிலே உயிர் பெறுகின்றன. இரவு தொடங்கினால் விடியும் வரை கூத்து. சில கோயில்களில் ஏழு இரவு, சிலவற்றில் பதினான்கு, சிலவற்றில் இருபத்தொன்று.

பாட்டு எது தெரியுமா? கம்பராமாயணம்! கம்பனுடைய விருத்தங்களைத் தமிழிலேயே பாடி, மலையாளம் கலந்த தமிழில் பொருள் விரிக்கிறார்கள். 1956-இல் மாநில எல்லைக்குக் கோடு கிழித்தார்கள். அந்தக் கோடு இந்தப் பாட்டைப் பிரிக்கவில்லை.

பேரவையை எதிர்பார்த்துப் போன நான் திகைத்தேன். மாடத்துக்கு எதிரே முதியவர் ஒருவர். அவர் காலடியில் ஒரு நாய். பிறகு நாங்கள் மூவர். அவ்வளவுதான் அவை. இராவணனோடு போர் நடந்தபோது பத்திரகாளி தாருகனோடு போரிட்டுக்கொண்டிருந்தாளாம். அன்று காண முடியாததை இன்று அவளுக்குக் காட்டவே கூத்து என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே மனிதர் வந்தாலும் வராவிட்டாலும் கூத்து நிற்பதில்லை. இந்த ஆளில்லா அவையைக் கண்டு வியந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அறிஞர் 1996-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார்.

அன்று கும்பகருணன் போர். கும்பகருணனை எழுப்பும் கட்டத்தில் நான் உறங்கிவிட்டேன்! பறையொலி கேட்டு அவனோடு நானும் எழுந்தேன். விடியற்காலையில் கலைஞர் ஒருவர் வெளியே வந்து எங்களோடு தேநீர் அருந்தினார். தமிழ்நாட்டு மாணவர்கள் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. உடனே ஒரு கேள்வி கேட்டார்: தம்பி வீடணன் வந்து அழைத்தும் கும்பகருணன் அண்ணனை விட்டுப் போகவில்லையே, அதற்கு உங்கள் வகுப்பில் என்ன நியாயம் சொல்கிறார்கள்?

நான் விழித்தேன். தேர்வுக்கு உரைநூல் படித்தவனுக்கு விடை ஏது? தமிழ் மன்றத்துச் செயற்குழு உறுப்பினனான நான், கம்பனைக் குறித்துக் கேட்ட மலையாள நாட்டுக் கலைஞர் முன்னே தலைகுனிந்து நின்றேன்.

"இராமாயணத்துக்காகவா இரவெல்லாம் கண் விழிப்பது?" என்று பகுத்தறிவுத் தோழர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். 1943-இல் கம்பராமாயணத்தை எரிக்கலாமா என்று அறிஞர் அண்ணாவும் ரா. பி. சேதுப்பிள்ளையும் ஒரே மேடையில் வாதிட்டார்கள். அத்தகைய வாதம் வேண்டும். ஆனால் எதிர்ப்பவனும் படித்துவிட்டே எதிர்க்க வேண்டும். அந்த மாடத்துக்குள்ளேயே பாவைகள் வாயிலாகக் கேள்வியும் மறுப்பும் இரவெல்லாம் நடக்கின்றன. வாதம் விரும்புவோர்க்கு அதைவிட நல்ல இடம் ஏது?

"ஒரு மணி நேரத்தில் சுருக்கிக் காட்டுகிறார்களே, அது போதாதா?" என்பார் சிலர். அதை நான் இகழ மாட்டேன். மேடைக்கு வந்ததால்தான் கலைஞர் வயிற்றுக்கு வழி பிறந்தது. ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததும் நாடறிய நேர்ந்தது. பெண்களும் இன்று பாவை பிடிக்கிறார்கள். ஆனால் நடுநிசி தாண்டி, எண்ணெய் வற்றி, குரல் கம்மி, மீண்டும் பறையோடு எழும் அந்த நேரத்தை எந்த மேடையும் சுருக்கித் தர இயலாது.

தாய்லாந்துக்குப் போகிறவர் பலரும் பட்டாயாவிலும் புக்கெட்டிலும் இரவைத் தேடுகிறார்கள். அதே நாட்டின் தெற்கே நக்கோன் சி தம்மராத்தில் 'நங் தலுங்' என்னும் நிழற்பாவைக் கூத்தை ஊரார் கூடி இரவில் கண்டு சிரிக்கிறார்கள். பயணி தேடும் இரவு ஒன்று, ஊர் வாழும் இரவு மற்றொன்று என்பது எங்கும் உள்ள கதைதான்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஐம்பது பேர் பேருந்தில் போய் இறங்கி, கைப்பேசி விளக்கைத் திரைமேல் பாய்ச்சினால், மூணாற்றில் செய்த பிழையையே பாலக்காட்டிலும் செய்தவர் ஆவோம். "நம் கம்பனைக் காப்பாற்ற வந்தோம்" என்று மார்தட்டவும் நமக்கு உரிமையில்லை. காத்தவர்கள் அவர்கள், நாம் விருந்தினர்.

எனவே மன்றத்தின் முன் என் முன்மொழிவு இது: வரும் தையிலிருந்து கூத்துக் காலம் தொடங்குகிறது. பத்துப் பேர் போதும். கோயிலாரிடம் முன்னரே இசைவு கேட்போம். அந்த இரவுக்குரிய படலத்தைப் படித்துவிட்டுப் போவோம். குடியும் கூச்சலும் வேண்டாம். உணவும் தேநீரும் அந்த ஊர்க் கடையிலேயே வாங்குவோம். விடுதிக்குக் கொட்டிய பணத்தைக் காணிக்கையாகக் கலைஞர் கையில் கொடுப்போம். மூணாறும் வேண்டுமென்றால் போவோம். லயத்துக்காரர் அழைத்தால் திருவிழாவுக்குப் போவோம். அழைக்காவிட்டால் ஒலிபெருக்கியையாவது அணைத்துவைப்போம்.

வருகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். கும்பகருணன் ஏன் போகவில்லை என்பதற்கு ஒரு விடையோடு வாருங்கள். கேட்டவர் காத்திருக்கிறார்.