கரும்புத் தோட்டத்துக் குட்டியும் பெங்கால் பூனையும்

''கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் மகன், 'பெங்கால்' என்ற கலப்பினப் பூனை வாங்க ஆசைப்படுகிறான். இதற்கிடையில் கரும்பு வெட்டும்போது எங்கள் தோட்டத்தில் கோடு போட்ட இரண்டு பூனைக்குட்டிகள் கிடைத்தன. 'இதுவும் அதே சாதிதான், காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?' என்கிறார்கள் அக்கம்பக்கத்தினர். பேத்தி குட்டிகளை விடமாட்டேன் என்கிறாள். என்ன செய்யலாம்?''

- வாசகர் ஒருவர், ஆர்.கே.பேட்டை.

முதலில் குட்டிகளைப் பற்றிப் பேசிவிடுவோம். அதில்தான் அவசரம். உங்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் காட்டுப்பூனைக் குட்டிகளாகத்தான் இருக்கும். வெருகு என்பதும் இதைத்தான். பெயரில் காடு இருந்தாலும் இது வாழ்வது புதர், ஏரிக்கரை, கரும்புத் தோட்டம் ஆகிய இடங்களில். குட்டியில் உடம்பில் கோடுகள் இருக்கும். வளர வளர மங்கி, மண் நிறத்துக்கு வந்துவிடும். நீண்ட கால்கள், காது நுனியில் சிறு கறுப்பு முடி, கறுப்பு வளையம் போட்ட குட்டை வால் ஆகியவை அடையாளம்.

தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஆள் நடமாட்டத்தைக் கண்டு பக்கத்திலேயே பதுங்கியிருக்கும். இருட்டியதும் வந்து, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும். மகாராஷ்டிராவில் கரும்பு அறுவடையின்போது கிடைக்கும் சிறுத்தைக் குட்டிகளையும் காட்டுப்பூனைக் குட்டிகளையும் வனத்துறையினர் இப்படித்தான் தாயிடம் சேர்க்கிறார்கள். எடுத்த இடத்திலேயே குட்டிகளைப் பெட்டியில் வைத்துவிட்டு, தள்ளி நின்று கண்காணிக்கிறார்கள்.

நீங்களும் இன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை குட்டிகளை உயரம் குறைந்த கூடையில் வைத்து, எடுத்த இடத்திலேயே நிழலில் வையுங்கள். அந்த இடத்தைச் சுற்றி நாலைந்து பார் கரும்பை ஒரு நாள் வெட்டாமல் விடுங்கள். நாயைக் கட்டிப்போடுங்கள். மாட்டுப்பால் புகட்ட வேண்டாம். கழிச்சல் கண்டு இறந்துவிடும். வெறுங்கையால் தொடவும் வேண்டாம். யாரையாவது கடித்தோ பிறாண்டியோ இருந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

காட்டுப்பூனை 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பிடித்து வளர்ப்பது குற்றம். சட்டத்தை விட்டுத்தள்ளினாலும், அது எலி தின்னும் உயிர். கரும்பிலும் நிலக்கடலையிலும் எலியால் வரும் சேதம் உங்களுக்குத் தெரியாததல்ல. கூலி வாங்காத காவல்காரனை வீட்டில் அடைத்து வைத்தால் நஷ்டம் நமக்குத்தான். இதைப் பேத்தியிடம் சொல்லுங்கள். 'அதன் அம்மா தேடும்' என்றால் பிள்ளைகளுக்குப் புரியும்.

இனி பெங்கால் பூனை. நம் நாட்டு மலைக்காடுகளில் இருக்கும் சிறுத்தைப்பூனையையும் வீட்டுப்பூனையையும் கலந்து உருவாக்கிய இனம் இது. அமெரிக்காவில் ஜீன் மில் என்ற பெண்மணி 1963-ல் இந்தக் கலப்பைத் தொடங்கினார். சிறுத்தைப்பூனை வேறு, உங்கள் கரும்பில் இருக்கும் காட்டுப்பூனை வேறு. ஆகவே, 'அதே சாதி' என்பது தவறு.

கலப்பில் தலைமுறைக் கணக்கு முக்கியம். முதல் சில தலைமுறைகளில் காட்டுக்குணம் தூக்கலாக இருக்கும். கடுவன்கள் மலடாகவும் இருக்கும். வனவிலங்கு வணிகத்துக்கான 'சைட்டஸ்' பன்னாட்டு ஒப்பந்தம், முதல் நான்கு தலைமுறைகளை வனவிலங்காகவே கருதுகிறது. மகன் வாங்குவதாக இருந்தால் ஐந்தாம் தலைமுறைக்குப் பிந்தையதா என்று பத்திரத்தோடு கேட்க வேண்டும். பத்திரம் இல்லை என்றால் வாங்க வேண்டாம்.

இந்தப் பூனை படுசுட்டி. கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கும், பரண் ஏறும், தண்ணீரில் விளையாடும். தினமும் அதோடு விளையாட ஆள் வேண்டும். சும்மா விட்டால் வீட்டைப் புரட்டிப்போடும். கோழி வளர்ப்பவர்கள் நன்றாக யோசிக்க வேண்டும். குஞ்சைக் கண்டால் பாயாமல் இருக்காது. தறி இருக்கும் வீடுகளில் இன்னும் கவனம் தேவை. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் பின்பக்கமாகச் சாய்ந்தவை. வாய்க்குள் போன நூலைத் துப்ப முடியாது. விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

எந்தப் பூனை வளர்த்தாலும் சில விஷயங்கள் பொது. தயிர்சோறு மட்டும் போதாது. மீன், இறைச்சி, முட்டை ஏதாவது வேண்டும். இறைச்சியில் உள்ள 'டாரின்' என்ற சத்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம். நாய் உண்ணிக்கான 'பெர்மெத்ரின்' மருந்தையும் பூனைமேல் தடவக்கூடாது. எலி மருந்து வைத்தால், மருந்து தின்ற எலியைத் தின்று பூனையும் சாகும். எட்டு வாரத்தில் நோய்த் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். ஐந்து, ஆறு மாதத்தில் கருத்தடை செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சங்கதி. பெங்கால் பூனையின் தங்க மினுமினுப்புக்காக ஜீன் மில் கலந்துகொண்டவற்றில் ஒன்று, டெல்லி மிருகக்காட்சி சாலையில் காண்டாமிருகம் இருந்த இடத்தில் திரிந்த சாதாரணத் தெருப்பூனை! அதன் உறவுக்காரர்கள் ஆர்.கே.பேட்டை சந்தை ஓரத்திலும் இருப்பார்கள். குட்டிகளைத் தாயிடம் சேர்த்த கையோடு, பேத்திக்கு அப்படி ஒரு நாட்டுப்பூனைக் குட்டியைக் கொண்டுவந்து கொடுங்கள். நிலக்கடலை மூட்டைக்குக் காவலும் ஆச்சு, மகனுக்குப் பணமும் மிச்சம்.