ரெண்டு வாஷரும் ஒரு சிவப்பு லைட்டும்

ஆராய்ச்சி அறிக்கை எழுத வேண்டிய நேரத்துல ஆயில் ஃபில்டர் பத்திப் பதிவு எழுதிக்கிட்டு இருக்கேன். எங்க கைடுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்கிற ஒரே தைரியம்தான் :-)

போன வாரம் நம்ம பசங்க அஞ்சு பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். புதுசா வந்த ஜூனியர் ஒருத்தன், பழைய கார் வாங்கின குஷியில, "அண்ணா, எந்த ஆயில் ஃபில்டர் நல்லது?"ன்னு ஒரு கேள்வியைப் போட்டான். அவ்வளவுதான். ஆளுக்கொரு பிராண்டைத் தூக்கிப் பிடிச்சு, விஷயம் ரஜினி-கமல் சண்டை ரேஞ்சுக்குப் போயிடுச்சு. சாம்பார் ஆறிப்போனதுதான் மிச்சம். எல்லாரும் எதை வாங்கணும்னு பேசினாங்களே தவிர, அதை யார் மாட்டப்போறாங்கன்னு ஒருத்தரும் கேக்கலை.

என் கட்சி இதுதான்: ஃபில்டரைத் தேர்ந்தெடுக்குற வேலை கடையில பாதிதான் முடியுது. மீதிப் பாதி, மாட்டுறவன் கையில இருக்கு. இதை நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்டேன்.

நான் இருக்குறது மிச்சிகன்ல. வண்டி 2006 மாடல் கொரோல்லா, வாங்கும்போதே ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மைல் ஓடினது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஜனவரி. நண்பனோட அம்மா முதல் தடவையா ஊர்ல இருந்து வர்றாங்க. சிகாகோ ஓஹேர் விமான நிலையத்துல போய்க் கூட்டிக்கிட்டு வரணும். நீண்ட பயணமாச்சேன்னு, ரெண்டு நாள் முன்னாடி ஒரு கடையில ஆயில் மாத்தினேன். அவங்க வச்சிருந்ததுலயே விலை கூடின ஃபில்டரைத்தான் போடச் சொன்னேன். ஃபில்டர் மட்டும் 16 டாலர்! மாணவன் பட்ஜெட்டுக்கு அது மூணு நாள் சாப்பாடு.

கிளம்பின அன்னிக்குக் காலைல மைனஸ் 18 டிகிரி. ஐ-94 நெடுஞ்சாலையில ஜாக்சனை நெருங்கும்போது டேஷ்போர்டுல ஆயில் கேன் படம் சிவப்பா மினுக்குச்சு. அப்புறம் நின்னு எரிஞ்சுது. நண்பன், "ரெண்டு மைல்ல எக்ஸிட் இருக்கு மச்சான், மெதுவா உருட்டிடலாம்"னான். அம்மா காத்திருப்பாங்களேன்னு அவனுக்குத் தவிப்பு. நான் ஓரமா நிறுத்தி சாவியைத் திருப்பிட்டேன். அறிவு எல்லாம் இல்லீங்க. நாமக்கல்ல லாரிப் பட்டறை வச்சிருக்குற எங்க மாமா சின்ன வயசுலயே மண்டையில ஏத்தி வச்ச பாடம் அது: சிவப்பு லைட் எரிஞ்சா முதல்ல இன்ஜினை நிறுத்து, யோசனை எல்லாம் அப்புறம்.

அவருக்கே போன் போட்டேன். ஊர்ல அப்ப சாயங்காலம்.

"ஃபில்டர் மாத்தி எத்தனை நாள் ஆச்சு மாப்ள?"

"ரெண்டு நாள் மாமா."

"கீழ குனிஞ்சு பாரு. ஃபில்டர்கிட்ட ஒழுகுதா?"

ஒழுகுச்சு. பனியில கறுப்பா ஒரு கோலம்.

"பழைய வாஷர் இன்ஜின்லயே ஒட்டியிருக்கும். அதைப் பாக்காம புதுசை மேல ஏத்தியிருக்கானுங்க. வண்டியை எடுக்காத, கட்டி இழுத்துட்டுப் போ."

கழட்டினப்போ அப்படியே ரெண்டு ரப்பர் வளையம், ஒண்ணு மேல ஒண்ணு. ஃபில்டர்ல இருக்குற பள்ளம் ஒரு வளையத்தைத்தான் பிடிச்சு வைக்கும். ரெண்டாவது சும்மா அழுத்தத்துல நின்னுக்கிட்டு இருக்கும். கடுங்குளிர்ல ஆயில் கெட்டியாகி, ஸ்டார்ட் பண்ணினதும் பம்ப் அழுத்தம் எகிறும்போது வளையம் பிதுங்கிடும். என் கொரோல்லாவுக்கு மொத்தமே 3.7 லிட்டர் ஆயில்தான். காலியாக எவ்வளவு நேரம் ஆகும்?

இன்ஜின் பிழைச்சுது. இழுவைக்கும் புது ஆயிலுக்கும் சேர்த்து ஸ்டைபண்டுல ஒரு நல்ல துண்டு போச்சு. ஆனா அது எனக்குப் பெரிசா தெரியலை. இங்கிலீஷ் சரளமா வராத ஒரு அம்மா, போன்ல வேலை செய்யுற சிம் இல்லாம, ஓஹேர்ல நாலு மணி நேரம் தனியா உட்கார்ந்திருந்தாங்க. அன்னிக்கு என் 16 டாலர் ஃபில்டர் எந்தக் குறையும் இல்லாத நல்ல ஃபில்டர்தான். அதான் வேடிக்கை.

அப்ப எந்த ஃபில்டரா இருந்தாலும் ஒண்ணுதானான்னா, இல்லை. டப்பாவுக்குள்ள மூணு விஷயம் பாக்கணும்.

முதல்ல வடிகட்டுற தாள். டப்பா மேல 99 சதவீதம்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. பக்கத்துல பொடி எழுத்துல இருக்குற மைக்ரானைப் பாருங்க. 20 மைக்ரானுக்கு 99 சதவீதம்னா கெட்டிக்காரன். 30 மைக்ரானுக்கு 99னா அதைவிட ஒரு படி கம்மி. நம்ம தலைமுடி சுமார் 70 மைக்ரான். ஐஎஸ்ஓ 4548-12ங்கிற சோதனை முறைப்படி சொன்ன எண்ணா இருந்தா ஒண்ணோட ஒண்ணை ஒப்பிடலாம்.

ரெண்டாவது, ஆயில் திரும்ப வடிஞ்சு போகாம தடுக்குற ரப்பர் வால்வு. உள்ள எட்டிப் பாத்தா, சின்ன ஓட்டைகளுக்குப் பின்னாடி தெரியும். இது சரியில்லைன்னா ராத்திரி ஃபில்டர் காலியாகி, காலைல ஸ்டார்ட் பண்ணும்போது சில நொடி இன்ஜின் வறட்டுத்தனமா ஓடும். படுக்கை வாட்டத்துல ஃபில்டர் இருக்குற வண்டிகளுக்கு இது ரொம்ப முக்கியம். சாதா நைட்ரைல் ரப்பர் குளிர்லயும் வயசுலயும் விறைச்சுப் போகும், சிலிக்கான் அதைவிடத் தாங்கும். மிச்சிகன் குளிருக்கு நான் சிலிக்கானுக்குத்தான் கூடக் காசு கொடுப்பேன்.

மூணாவது பைபாஸ் வால்வு. தாள் அடைச்சுக்கிட்டாலோ, ஆயில் கூழ் மாதிரி இருந்தாலோ இது திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது இன்ஜினுக்கு அனுப்பும். அழுக்கு ஆயில், ஆயிலே இல்லாததுக்கு மேல்! சில வண்டியில இது ஃபில்டருக்குள்ள இருக்கும், சிலதுல இன்ஜின்லயே இருக்கும். திறக்குற அழுத்தமும் வண்டிக்கு வண்டி மாறும். அதனால மறை பொருந்துதுங்கிறதுக்காக எதையாவது மாட்டாதீங்க. உங்க வருஷம், மாடல், இன்ஜினுக்கு உரிய எண்ணைப் பாத்து வாங்குங்க.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிடணும். 1988ல ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வு ஒண்ணு வந்தது. 40 மைக்ரான் ஃபில்டரோட ஒப்பிட்டா 30 மைக்ரான் ஃபில்டர் இன்ஜின் தேய்மானத்தைப் பாதியாக் குறைச்சுதுன்னு அதுல இருக்கு. வேணும்னே தூசியைக் கலந்து வேகமாத் தேய வச்சுப் பண்ணின சோதனை அது, சாதாரணமா ஓடுற வண்டிக்கு அப்படியே பொருத்திப் பாக்க முடியாது. இருந்தாலும் வடிகட்டுற திறன் முக்கியம்னு நானும் ஒத்துக்கறேன். ஆனா அந்தத் திறன் நடுத்தர விலையிலயே கிடைக்குது. பிராண்ட் சண்டையும் பாதி வீண்தான். 1923 முதல் ஃபில்டர் வரலாற்றுல இருக்குற பியூரோலேட்டரும், அதோட போட்டியாளரா இருந்த விக்ஸும், 2016ல ஒரே ஜெர்மன் கம்பெனியோட குடைக்கீழ வந்தாச்சு.

புது வண்டி வச்சிருக்குற சீனியர்களுக்கு ஒரு வார்த்தை. "எங்க கம்பெனி ஃபில்டர் போடலைன்னா வாரண்டி போச்சு"ன்னு யாராவது மிரட்டினா பயப்படாதீங்க. அமெரிக்காவுல 1975லயே மேக்னசன்-மாஸ் சட்டம் வந்தாச்சு. பொருளை இலவசமாக் கொடுத்தாலோ அரசு விலக்கு வாங்கியிருந்தாலோ தவிர, இந்த பிராண்டைத்தான் போடணும்னு வாரண்டிக்கு நிபந்தனை வைக்க முடியாது. ரசீதை மட்டும் பத்திரமா வச்சுக்குங்க.

சரி, மாட்டுற பாதி. கழட்டின ஃபில்டர்ல பழைய வளையம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அது இன்ஜின்ல இருக்கு, எடுத்துடுங்க. உட்காருற இடத்தைத் துணியால துடைங்க. புது வளையத்துல விரலால கொஞ்சம் ஆயில் தடவுங்க. கையாலயே திருகி, வளையம் தொட்டதும் டப்பாவுல சொன்ன அளவு, பெரும்பாலும் முக்கால் சுத்து. அதுக்கு மேல பலத்தைக் காட்டாதீங்க. ஸ்டார்ட் பண்ணி கீழ பாருங்க, நிறுத்திட்டு அளவுக்கோலைப் பாருங்க. மறுநாள் காலைல தரையையும் ஒரு தடவை பாருங்க. பழைய ஆயிலைச் சாக்கடையில ஊத்தாதீங்க. உதிரிபாகக் கடைகள் பலதுல சும்மாவே வாங்கிக்குவாங்க.

கடையிலதான் மாத்துவீங்களா? தப்பில்லை. "கழட்டின ஃபில்டரைக் காட்டுங்க"ன்னு ஒரே ஒரு வாக்கியம் கேளுங்க. நான் அன்னிக்குக் கேக்காத வாக்கியம் அது. கேக்குறதுக்குக் கூச்சமா இருக்கும், நம்ம ஊர்க்காரங்களுக்கு இங்க வந்தா அது கொஞ்சம் கூடத்தான். ஆனா ஓஹேர்ல ஒரு அம்மாவைக் காக்க வைக்கிறதைவிட அது பரவாயில்லை.

ஜூனியருக்கு என் பதில்: எட்டு டாலர் ஃபில்டர் வாங்கு, மிச்ச எட்டு டாலரை ஜாக்கி ஸ்டாண்டு வாங்கச் சேர்த்து வை (வெறும் ஜாக்கியை நம்பிக் கீழ போகாதே), சனிக்கிழமை வா, சேர்ந்தே மாத்துவோம். வர்றேன்னு சொல்லியிருக்கான். சாம்பார் அவன் செலவு :-)

உங்க வண்டியில கடைசியா ஃபில்டர் மாத்தினது யாரு? பழைய வளையத்தைப் பாத்தீங்களா? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே.